உங்களுக்குத் தெரியுமா? – வேலியில் ஏறும் தண்ணீர்விட்டான்!

நட்சத்திர ஓட்டல் தட்டில் பச்சைக் குச்சியாக வருமே அஸ்பாரகஸ், அதன் கூடப்பிறந்தது பெரிய காஞ்சிபுரத்து நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கிழங்காகக் கிடைக்கிறது! தண்ணீர்விட்டான் என்று கேளுங்கள். சதாவரி என்றாலும் எடுத்துக் கொடுப்பார்கள்!

கொடி முழுக்க ஊசி ஊசியாகப் பச்சைப் பசேலென்று இருக்கிறதே, அது இலையே இல்லை! அத்தனையும் தண்டு! நிஜ இலை எப்போதோ செதிலாகவும் முள்ளாகவும் சுருங்கிவிட்டது!

புதுத் துளிரை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மொட்டைக் குச்சி! கூரான நுனியில் மட்டும் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மூடியிருக்கும். கொம்பைப் பிடித்து மளமளவென்று மேலே ஏறிய பிறகுதான் கிளையே விடும்! நேபாளச் சந்தையில் அந்தத் துளிர்தான் காய்கறி. அங்கே பெயர் குரிலோ!

இலங்கையில் சிங்கள வீடுகளில் இந்தத் தழையை அரைத்துக் காலைக் கஞ்சியே காய்ச்சுகிறார்கள்!

அக்னி நட்சத்திரத்தில் கொடி சருகாகிவிட்டதா? பிடுங்கி எறியாதீர்கள்! உயிர் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது! விரல் தடிமனில் கொத்துக் கொத்தாகக் கிழங்கு, உள்ளே கோடைக்கான தண்ணீர். காய்ந்த கொடியைத் தரையோடு வெட்டி, மேலே சருகு மூடாக்குப் போட்டுவிடுங்கள். நல்ல மழை ஒன்று விழட்டும், துளிர் கிளம்பும்!

காஞ்சியில் இந்தக் கொடிக்கு எமன் வெயில் இல்லை, ஐப்பசி மழை! அடியில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிப்போகும். புரட்டாசி முடிவதற்குள் மண்ணை அணைத்து மேடாக்குங்கள். தொட்டியில் இருந்தால் அடித்துளையில் குச்சி விட்டு அடைப்பை எடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தால் பாதிக் கவலை தீர்ந்தது!

கிழங்கை மட்டும் ஒடித்து நட்டால் முளைக்கவே முளைக்காது! தண்டின் அடிமொட்டு ஒட்டியிருக்க வேண்டும்!

ஆழமான தொட்டியாக வாங்குங்கள். கிழங்கு ஓடும் நீளம் 1 மீட்டர் வரை!

தோண்டி எடுக்க அவசரப்படாதீர்கள். ஒன்றரை, இரண்டு வருடம் ஆகட்டும். மழை ஓய்ந்த தை, மாசிதான் சரியான சமயம்!

மேல்நாட்டு அஸ்பாரகஸ் இன்னும் பெரிய பொறுமைசாலி! முதல் 2 வருடம் ஒரு குச்சிகூட வெட்டக் கூடாது. மூன்றாம் வருடம் கத்தி வைத்தால், அப்புறம் 15, 20 வருடம் விளைச்சல்! குளிரில் உறங்கி எழுந்தால்தான் அதற்குத் தெம்பு. நம் ஊர் மார்கழி அதற்குப் போதாது!

வெள்ளை அஸ்பாரகஸ் தனி ரகம் இல்லை! அதே செடிதான். மண்ணைக் குவித்து வெளிச்சம் படாமல் வளர்த்தால் வெள்ளை!

உலகில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட அமினோ அமிலம் எதிலிருந்து வந்தது? அஸ்பாரகஸ் சாற்றிலிருந்து! பிரான்ஸில், 1806-ல்! அதனால்தான் அதற்கு அஸ்பரஜின் என்று பெயர்!

கல்யாண மேடை அலங்காரத்தில் பூக்களுக்கு நடுவே மெல்லிய பச்சைத் தழை செருகுகிறார்களே, ஃபெர்ன் என்று? ஃபெர்னே இல்லை! தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அஸ்பாரகஸ்! பட்டுப்புடவை மணப்பெண் கையில் பிடித்திருக்கும் பூங்கொத்திலும் அது இருக்கலாம்!

உச்சகட்டம் இதுதான். ஏகாம்பரநாதருக்கு மாலையாகும் சம்பங்கி இருக்கிறதே, அதுவும் அஸ்பாரகஸ் குடும்பம்! வாசல் தொட்டியில் விறைப்பாக நிற்கும் மருளும் அதே குடும்பம்! ஆனைக்கற்றாழையும்தான்! மொத்த உறவினர் கணக்கு, ஏறத்தாழ 2,900 இனங்கள்!