தொப்பூர் ஏற்றத்தில் நின்ற புல்லட்

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. சமவெளியில் ஒழுங்காக ஓடிவந்த ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் அந்த ஏற்றத்தில் திணறி நின்றுவிடுவதாக வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் கழித்து உதைத்தால் கிளம்புகிறது. சிறிது தூரம் சென்றதும் மீண்டும் நிற்கிறது. லாரிகள் ஓயாமல் ஓடும் மலைச்சாலையில் இப்படி நிற்பது உயிருக்கே ஆபத்து. கோளாறு எங்கே இருக்கிறது? அதைக் கண்டுபிடிக்க ஸ்பானரைவிட முதலில் தேவைப்படுவது பௌதிக அறிவுதான்.

புல்லட் 1955 முதல் சென்னையில் தயாரிக்கப்பட்டது. இதன் பழைய 350 வகை எஞ்சினின் கொள்ளளவு 346 கன செ.மீ. 2020-இல் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது, புதிய வண்டிகள் மின்னணு முறையில் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்புக்கு மாறின. பழைய வண்டிகளில் அந்த வேலையைச் செய்வது கார்புரேட்டர்.

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். கன அளவில் பார்த்தால் 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று! பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று உறிஞ்சப்பட்டு, கார்புரேட்டரின் குறுகிய பகுதி வழியே விரைகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்று 1738-இல் டேனியல் பெர்னூலி விளக்கினார். அழுத்தம் குறைந்த அந்த இடத்தில், ஜெட் எனப்படும் நுண்துளை வழியே பெட்ரோல் மேலேறித் தூவானமாகக் காற்றுடன் கலக்கிறது. அடியிலுள்ள கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காப்பது ஒரு மிதவை. மாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவைப் பந்து செய்யும் வேலையையே அது செய்கிறது.

இனி, பெட்ரோல் செல்லும் வழியே நாமும் செல்வோம். முதலில் டேங்க் மூடி. அதில் காற்று புகுவதற்கு ஒரு சிறு துளை உண்டு. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளையிட்டால் எண்ணெய் தயங்கித் தயங்கித்தான் வரும். இன்னொரு துளையிட்டால் தாராளமாகக் கொட்டும். டேங்கிலும் அப்படித்தான். பெட்ரோல் மட்டம் கார்புரேட்டரைவிட 20 செ.மீ. உயரத்தில் இருந்தால், அதைக் கீழே தள்ளும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. மூடித்துளை தூசியால் அடைபட்டு டேங்கினுள் அழுத்தம் அந்தச் சிறு அளவு குறைந்தாலே போதும், பெட்ரோல் இறங்காது. சமவெளியில் சிறிதளவு பெட்ரோலே போதுமென்பதால் குறை தெரிவதில்லை. ஏற்றத்தில் தேவை கூடும்போது கிண்ணம் வற்றிவிடுகிறது. வண்டி நிற்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால் மறுபடி கிளம்புகிறது. மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது!

மூடி சரியாக இருந்தால், அடுத்தது பெட்ரோல் டேப். எஞ்சின் ஆறிய பிறகு குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்தால், ஒழுக்கு ஒரே சீராக வரவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் வடிகட்டியில் துரு அடைத்திருக்கிறது. அதற்கடுத்து மிதவைக் கிண்ணம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. ஆகவே அது அடியில் முத்து முத்தாகத் தங்கி ஜெட்டை மறிக்கும். பல மாதங்கள் நிறுத்திவைத்த வண்டியிலோ பெட்ரோல் ஆவியாகி, கோந்து போன்ற படிவு ஜெட்டை அடைத்திருக்கும்.

அடைப்பைக் கம்பியால் குத்தி எடுக்கலாமா? கூடாது. 1 மி.மீ. விட்டமுள்ள துளை தேய்ந்து 1.1 மி.மீ. ஆனால் விட்டம் கூடுவது 10 சதவீதம். பரப்போ 21 சதவீதம் கூடிவிடும்! அப்புறம் கரும்புகையும் பெட்ரோல் செலவும்தான் மிச்சம். அழுத்தக் காற்றை ஊதிச் சுத்தம் செய்வதே சரியான முறை.

கலவை எப்படி எரிகிறது என்பதற்கு ஸ்பார்க் பிளக்கே சாட்சி. அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. அப்போது எஞ்சின் மிகையாகச் சூடாகி பிஸ்டன் பழுதாகலாம்.

இன்று இதற்குப் புதிய காரணம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது என்ற இலக்கை இந்தியா 2025-இல் எட்டியது. கரும்பு விளையும் பாலக்கோடு, அரூர்ப் பகுதி மாணவர்கள் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை அறிந்திருப்பார்கள். அதிலிருந்தும் எத்தனால் தயாரிக்கப்படுகிறது. 1 கிராம் எத்தனால் எரிய 9 கிராம் காற்றே போதும். ஆகவே பெட்ரோலுக்கென்று அளவிட்ட பழைய ஜெட்டில் எரிபொருள் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். மேலும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும். இத்தகைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாற்றுவதும், பிளக்கின் நிறம் பார்த்துத் தேவையானால் ஒரு படி பெரிய ஜெட் பொருத்துவதும் நல்ல மெக்கானிக்கின் வேலை.

ஓர் எச்சரிக்கை: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி, தொலைவிலுள்ள நெருப்பையும் தொடும். ஆகவே திறந்த வெளியில், நெருப்பின்றி, பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போதே இச்சோதனைகளைச் செய்யவேண்டும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டுமே சோதித்தோம். மூடி, டேப், ஜெட் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வண்டி ஓடலாம். ஆனால் எது கெட்டிருந்தது என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த முறை உங்கள் வீட்டு வண்டி வழியில் நின்றால், முதலில் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள்.