ஹெட்போன் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க!

சம்பளம் போட்ட வாரத்தில் பட்டணத்து பசார் மாலாமுக்குப் போய்ப் பாருங்கள். கைப்பேசிக்கு உறை விற்கிற கடையில்தான் நம்ம இளவட்டங்களின் கூட்டம். அந்த உறைகளுக்குப் பக்கத்திலேயே கலர் கலராய் ஹெட்போன் தொங்குகிறது. பத்து வெள்ளி, பதினைந்து வெள்ளி. பெட்டி மேலே 'சூப்பர் பாஸ்' என்று கொட்டை எழுத்து. வாங்கி வந்து லயத்தில் மாட்டிப் பார்த்தால் இரண்டு மாதம் ஒழுங்காகப் பாடும். மூன்றாம் மாதம் ஒரு பக்கம் செவிடு! உங்கள் காதைச் சொல்லவில்லை, ஹெட்போனைச் சொல்கிறேன். உங்கள் காதுக்கும் ஆபத்து உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

"பாட்டு கேக்கிற சாமானுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஏன் கூடாது? 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு அது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. நல்ல ஹெட்போன் ஒன்று வாங்க மூணு நாள், நாலு நாள் உழைப்பு போய்விடும். மலிவானதை வருஷத்துக்கு நாலு தடவை மாற்றிக்கொண்டே இருந்தால் சில வருஷத்தில் அதே காசு போய்விடும். அரிவாள் வாங்கும்போது நுனியைத் தடவிப் பார்த்து, பிடியை ஆட்டிப் பார்த்து வாங்குகிற நாம், இதை மட்டும் ஏன் பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும்?

ஹெட்போனில் பல சாதி உண்டு. காதுக்குள்ளே சொருகுவது ஒன்று. காதையே முழுசாக மூடுகிற கிண்ணம் மாதிரி ஒன்று. இரண்டுக்கும் நடுவே, காது மேலே சும்மா சாய்ந்து உட்காருகிற சின்ன வகை ஒன்று இருக்கிறது. இன்றைக்கு நாம் பேசப்போவது இந்த மூன்றாவதைப் பற்றித்தான். நம்ம ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கிண்ணம் மாதிரி இருப்பது அரை மணி நேரத்தில் வேர்த்துக் கொட்ட வைத்துவிடும். காதுக்குள் சொருகுவது சின்னச் சாமான், எங்கேயாவது தொலைந்து போகும். காது மேலே உட்காருவது லேசானது, மடித்துப் பையில் போடலாம். அதிலும் பின்பக்கம் ஓட்டை வைத்த திறந்த வகையாக இருந்தால் வெளிச்சத்தமும் காதில் விழும். பிள்ளை அழுதால் தெரியும், உலை கொதித்தால் தெரியும், வாசலில் யாராவது கூப்பிட்டால் தெரியும்.

குறையும் அதேதான். நாம் கேட்கிற பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். ராத்திரி ஒரே அறையில் நாலு பேர் படுத்திருக்கிற வீட்டில் இதை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைக்கு ஒரு கதை இருக்கிறது. 1970-களில் ஹெட்போன் என்றால் 300 கிராம், 400 கிராம் கனம். தலையில் செங்கல் வைத்த மாதிரி இருக்கும். 1979-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ஜப்பானில் சோனி நிறுவனம் வாக்மேன் என்ற கையடக்க கேசட் பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதோடு வந்த ஹெட்போனின் கனம் ஏறக்குறைய 50 கிராம்தான்! மெல்லிய தகடு, இரண்டு ஸ்பாஞ்ச் வட்டம், அவ்வளவே. நடந்துகொண்டே பாட்டு கேட்கிற பழக்கம் அங்கேதான் பரவத் தொடங்கியது. அந்த முதல் வாக்மேனில் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு துளை வைத்திருந்தார்கள் என்பது கேட்கச் சுவையான சேதி.

அடுத்து 1984-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக் காஸ் நிறுவனம் 'போர்ட்டா புரோ' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நாற்பது வருஷம் தாண்டியும் உருவம் பெரிதாக மாறாமல் இன்னமும் விற்பனையில் இருக்கிறது. நான் எந்தக் கம்பெனிக்கும் தரகு வேலை பார்க்கவில்லை. ஆனால் இந்த வகைச் சாமானின் நல்லதையும் கெட்டதையும் விளக்க இதைவிட வசதியான உதாரணம் இல்லை. அதனால் இதை அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

கட்டுமானம் எப்படி?

எந்த ஹெட்போனும் நடுவில் ஒடிவதில்லை. முட்டுகளில்தான் ஒடியும். ஒயர் ஜாக்கில் நுழைகிற இடம், ஒயர் இரண்டாகப் பிரிகிற இடம், தலைப்பட்டை மடங்குகிற இடம் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். ஜாக் பக்கத்தில் ஒயரைச் சுற்றி ரப்பர் கழுத்து இருக்கிறதா? இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். கடையிலேயே கைப்பேசியில் மாட்டி, பாட்டு ஓடும்போது ஜாக் ஓரத்தில் ஒயரை மெதுவாக இப்படியும் அப்படியும் வளையுங்கள். கரகரவென்று வந்தாலோ ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்டாலோ உள்ளே செம்புக்கம்பி சரியில்லை என்று அர்த்தம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். காசு நம்முடையது.

போர்ட்டா புரோவின் தலைப்பட்டை பிளாஸ்டிக் அல்ல, இரண்டு மெல்லிய உலோகத் தகடு. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நீண்டு சுருங்கும். வளைத்தால் வளையும், ஒடியாது. மடித்துக் கொக்கி மாட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கும். காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுப் பக்கம் இன்னும் இரண்டு சின்ன மெத்தை உண்டு. காதின் மேல் விழுகிற அழுத்தத்தைக் கொஞ்சம் அவை தாங்கிக்கொள்ளும். அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பக்கவாட்டில் ஒரு தள்ளுவிசை. கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

குறை இல்லாமல் இல்லை. அந்த இரண்டு தகடும் வழுக்குகிற இடத்தில் முடி மாட்டிக்கொள்ளும் என்று பலகாலமாகவே சொல்லுகிறார்கள். நீளக் கூந்தல் உள்ள நம்ம பெண்பிள்ளைகள் கொண்டை போட்டபின் மாட்டுவது நல்லது. ஒயர் மெலிசு, 1.2 மீட்டர் நீளம், கழற்றி மாற்ற முடியாதது. ஸ்பாஞ்ச் உறை நாளாக நாளாகப் பொடிந்து உதிரும். ஆனால் உறையைத் தனியாக வாங்கி மாட்டலாம். இதை எந்த ஹெட்போன் வாங்கும்போதும் கேளுங்கள்: "இந்த ஸ்பாஞ்ச் தனியாக் கிடைக்குமா, அண்ணே?" கிடைக்காது என்றால் ஸ்பாஞ்ச் போகிற அன்றைக்கே ஹெட்போனும் போனது போலத்தான்.

அமெரிக்காவில் இதன் பட்டியல் விலை 50 டாலரை ஒட்டியது. இங்கே கடைக்குக் கடை மாறும். பேர்பெற்ற சாமான் என்பதால் போலியும் நிறைய. அசலின் விலையில் கால்வாசிக்கு ஒருவர் கொடுத்தால், அவர் தர்மம் செய்கிறார் என்று நம்பிவிடாதீர்கள். ரசீது கேளுங்கள். உத்தரவாதம் நம் நாட்டில் செல்லுமா என்றும் கேளுங்கள்.

சத்தத்தை எப்படி எடை போடுவது?

பெட்டியில் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருப்பதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. மனிதக் காதின் எல்லை அது. பத்து வெள்ளிச் சாமானிலும் அதேதான் அச்சிட்டிருக்கும். 'ஓம்ஸ்' என்று ஒரு கணக்கு இருக்கும், அதைப் பார்க்கலாம். போர்ட்டா புரோவுக்கு அது 60. சாதாரணக் கைப்பேசி அதைச் சுலபமாக இயக்கும். இருநூறு, முந்நூறு என்று போட்டிருந்தால் அது ஸ்டூடியோக்காரர்கள் சாமான், கைப்பேசியில் முனகத்தான் செய்யும்.

மற்றபடி நம்பவேண்டியது உங்கள் காதையும் உங்களுக்குப் பழக்கமான பாட்டையும்தான். கடைக்காரர் போட்டுக் காட்டுகிற டம்டம் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஹெட்போனுக்குப் பொருத்தமான பாட்டைத்தான் அவர் போடுவார்.

முதலில் 1960-களில் வந்த ஒரு பழைய பாட்டைப் போடுங்கள். டி.எம்.எஸ்., சுசீலா யார் பாட்டானாலும் சரி. அந்தக் காலத்துத் தமிழ்ப் பாட்டெல்லாம் மோனோ, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே சத்தம். நல்ல ஹெட்போனில் அந்தக் குரல் நெற்றிக்கு நடுவே நிற்கும். வலது பக்கமோ இடது பக்கமோ சாய்ந்தால், திருப்பி மாட்டிப் பாருங்கள். சாய்வும் கூடவே பக்கம் மாறினால் குற்றம் ஹெட்போனிலோ, கைப்பேசியிலோ, பதிவிலோ. மாறாவிட்டால் உங்கள் காதில். பழைய பாட்டை இப்போது சிலர் கம்ப்யூட்டரில் போட்டு ஸ்டீரியோ மாதிரி திருத்தி வெளியிடுகிறார்கள், அதை எடுக்காதீர்கள். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை, ஒரு நிமிஷம் போதும்.

பிறகு ஸ்டீரியோ. நம்ம பக்கத்துச் சிங்கப்பூரில் படம்பிடித்த 'பிரியா' 1978-இல் வந்தது. ஸ்டீரியோவில் பதிவான ஆரம்பகாலத் தமிழ்ப் படப் பாடல்களில் அதன் பாடல்களும் சேரும். இளையராஜா வாத்தியங்களை இரண்டு பக்கமும் பிரித்து வைத்திருப்பது நல்ல ஹெட்போனில் தெளிவாகத் தெரியும். மட்டமானதில் எல்லாம் ஒரே குவியலாகக் கேட்கும்.

மூன்றாவதாக நான் சொல்வது தவில். கேலி செய்யாதீர்கள்! தவிலைவிட நல்ல பரிசோதகர் கிடையாது. வலந்தலையில் விரல்கூடு விழுகிற சத்தம் 'டக்' என்று கூராக இருக்கும். தொப்பியில் குச்சி விழுகிற சத்தம் 'தொம்' என்று அடிவயிற்றில் கேட்கும். இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறதா? 'சூப்பர் பாஸ்' போட்ட மலிவுச் சாமானில் தொம் மட்டும் வீங்கி, மற்றதை மூடிவிடும். உருமி மேளத்தையும் போட்டுப் பாருங்கள், நம்ம கோயில் திருவிழாவில் கேட்டுப் பழகிய காதுக்கு ஏமாற்று உடனே தெரியும். உருமியை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஓர் இழுப்பு வரும் பாருங்கள், அது வழுக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். 'புர்ர்' என்று உடைந்தால் உள்ளே இருக்கிற மெல்லிய சவ்வு அந்தச் சத்தத்தைத் தாங்கவில்லை என்று பொருள்.

போர்ட்டா புரோவை இந்தத் தராசில் வைத்தால்? தொம் நிறையவே உண்டு, கொஞ்சம் தாராளமாகவே உண்டு. ஆண்குரலின் அடிப்பகுதியில் அது சற்று ஒட்டிக்கொள்ளும். மேல்சுரம் காதைக் குத்தாது; சலங்கை, ஜால்ரா சத்தம் மென்மையாக வரும். கர்நாடக சங்கீதத்தை நுணுக்கமாகக் கேட்கிறவர்களுக்கு இது போதாமல் படலாம். சினிமாப் பாட்டுக்கும் ரேடியோவுக்கும் ஏற்றது என்பது என் அபிப்பிராயம்.

காது மேல் உட்காருகிற எந்த வகைக்கும் ஒரு பொது விஷயம் உண்டு. ஸ்பாஞ்ச் காதில் சரியாகப் படியாவிட்டால் தொம் சத்தம் ஓடிவிடும். இரண்டு பக்கமும் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் மட்டும் பாட்டு கனத்தால், அந்தப் பட்டை உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை. தம்பி தலைக்குப் பொருந்தியது அக்கா தலைக்குப் பொருந்தாது. அவரவர் மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

காது போனால் திரும்பாது

இனி முன்னே சொன்ன ஆபத்து. திறந்த வகை ஹெட்போன் வெளிச்சத்தத்தைத் தடுக்காது. புல்வெட்டும் மெஷின் ஓடுகிற இடத்தில் இதை மாட்டினால் என்ன செய்வோம்? மெஷின் சத்தத்தை அமுக்க வால்யூமை ஏற்றுவோம். இப்போது காதுக்கு இரட்டை அடி. காதுக்குள் இருக்கிற நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது, மருந்தும் இல்லை. வேலை முடிந்து வந்தபின் காதில் 'ஙொய்' என்று சத்தம் கேட்டால், அன்றைக்குக் காது அளவுக்கு மேல் வாங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

நம் நாட்டில் 2019-இல் வந்த இரைச்சல் விதிகளின்படி, எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டே மணி. எல்லை தாண்டுகிற வேலையில் காதுக்கவசம் கொடுப்பதும் காதைப் பரிசோதிப்பதும் முதலாளியின் கடமை. மெஷின் பிடிக்கிறவர்கள் கேட்டு வாங்குங்கள். ஸ்பாஞ்ச் ஹெட்போன் அந்தக் கவசத்துக்கு ஈடாகாது. பாட்டு கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது, பெரியவர்களுக்கு 80 டெசிபல், வாரம் 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75. வீட்டில் டெசிபல் அளக்கிற கருவி யாரிடம் இருக்கிறது? கை நீட்டும் தூரத்தில் நிற்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவில்லையென்றால் வால்யூம் அதிகம்.

செம்பனைக் காட்டில் அறுவடை நடக்கும்போது ஹெட்போனே வேண்டாம். மேலே மட்டை முறிகிற சத்தமும் "தள்ளு, தள்ளு!" என்று கூட்டாளி போடுகிற கூச்சலும் கேட்டால்தான் விலக முடியும். உதிரிப்பழம் பொறுக்குகிற அக்காமார் குனிந்தே இருப்பார்கள், அவர்களுக்குக் காதுதான் கண். விடியுமுன் நெற்றி விளக்கோடு பால் வெட்டுகிறவர்களுக்கும் அப்படியே. காட்டுப்பன்றியோ, ஜொகூர் பக்கம் யானையோ, முதலில் சத்தமாகத்தான் வரும். மோட்டார் சைக்கிளில் போகும்போது மாட்டுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இப்போது வருகிற கைப்பேசிகள் பலவற்றில் ஹெட்போன் துளையே கிடையாது. ஒயர் வகை வாங்கினால் இடையில் மாட்டும் சின்ன அடாப்டர் ஒன்று தனியாக வாங்க வேண்டிவரும். அந்த அடாப்டர் எல்லாக் கைப்பேசிக்கும் ஒத்துவராது. ஒயர் இல்லாத வகையும் உண்டு, ஆனால் அதன் பேட்டரிக்கு ஆயுள் கணக்கு இருக்கிறது. ஒயர் அறுந்தால் பட்டணத்தில் ஈயம் வைத்து ஒட்டித் தருவார்கள், பேட்டரி செத்தால் அவர்களும் கையை விரிப்பார்கள். பிள்ளையிடம் காசு கொடுத்து அனுப்புகிறவர்கள் கைப்பேசியையும் கொடுத்தனுப்புங்கள், அந்தப் பழைய மோனோ பாட்டையும் அதில் ஏற்றி.