மடி இருக்கை ஆகாது

பிரசவம் முடிந்து தாயும் சேயும் வீடு திரும்பும் நாளில், எங்கள் வாசலில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. துணியில் பொதிந்த குழந்தையை மடியில் ஏந்திப் பாட்டி முன் இருக்கையில் அமர்ந்திருப்பார். அந்தக் கைகளின் அன்பில் ஐயமில்லை. அவற்றின் வலிமையைத்தான் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன்மீதோ மோதி, ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அக்கணத்தில் 3 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, சுமார் 85 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். 75 கிலோ அரிசி மூட்டையைவிட அது அதிகம். எவராலும் இயலாது. தாய் தன் சீட் பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்து அணைத்துக்கொள்வது அதனினும் தீது. தாயின் உடற்பாரம் முழுவதும் குழந்தையை நசுக்கிவிடும்.

குழந்தைகளுக்கென்று செய்யப்பட்ட இருக்கையைக் காரின் பின் இருக்கையில், குழந்தையின் முகம் பின்னோக்கி இருக்குமாறு பொருத்த வேண்டும். பச்சிளங்குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. கழுத்தெலும்புகளோ இன்னும் முழுதாக இறுகாதவை. முன்நோக்கி அமர்ந்திருந்தால், மோதலில் தலை வீசியெறியப்பட்டுத் தண்டுவடம் சிதையக்கூடும். பின்னோக்கி அமர்ந்திருந்தால், இருக்கையின் முதுகுப்பகுதி தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஒருசேரத் தாங்கும். ஒரு வயது நிறைந்ததும் திருப்பிவிட அவசரப்பட வேண்டாம். அந்த இருக்கைக்குரிய எடை, உயர வரம்பு எட்டும்வரை பின்னோக்கியே இருக்கட்டும். இயங்கும் நிலையிலுள்ள காற்றுப்பைக்கு எதிரே இத்தகைய இருக்கையை ஒருபோதும் வைக்கலாகாது. காற்றுப்பை விரியும் விசையே உயிரைப் பறிக்கும்.

தோள் வாரை விரல்களால் கிள்ளி மடிக்க முடிந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று பொருள். குளிருக்குப் போர்வை வேண்டுமாயின், வாரைப் பூட்டிய பின் மேலே போர்த்துங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குச் சாய்ந்த நிலையில் தலை கவிழ்ந்து மூச்சு தடைபடலாம். வீடு திரும்புமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எக்குழந்தையையும் வீடு சேர்ந்ததும் இருக்கையிலேயே உறங்கவிடாமல், எடுத்துச் சமதளத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையைச் சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றிக் காரில் அழைத்துச் செல்வோருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. எனினும் அபராதத்துக்கு அஞ்சி இருக்கை வாங்கியவரை நாங்கள் இன்னும் கண்டதில்லை. “பக்கத்துத் தெருதானே” என்பதே வழக்கமாகக் கேட்கும் பதில். விலையும் ஒரு தடைதான். உறவினர் பயன்படுத்திய இருக்கையைப் பெறுவதில் தவறில்லை. அது விபத்தில் சிக்கியதன்று என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண சீட் பெல்ட்டாலேயே பொருத்தக்கூடிய வகைகள் இருப்பதால், வாடகைக் காரில் செல்வோரும் அவற்றைப் பயன்படுத்தலாம்.

பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்னரே இருக்கையை வாங்கி, காரில் இரண்டு மூன்று முறை பொருத்திப் பழகுங்கள். உச்சி வெயிலில், குழந்தை அழுதுகொண்டிருக்க, வாசலில் நின்று கையேட்டைப் புரட்டும் தந்தையர் சிலரை நாங்கள் பார்த்திருக்கிறோம்.