மலையறியாத டோக்கன்

கேரளத்துக் 'குடிமக்கள்' கைபேசியில் வரிசை நின்ற காலம் ஒன்று உண்டு. கொரோனா ஊரடங்கில் மூடிய மதுக்கடைகள் 2020 மே 28ஆம் தேதி திறந்தபோது, கடைவாசலில் கூட்டம் சேராதிருக்க அரசு கொண்டுவந்தது 'பெவ்க்யூ' செயலி. கொச்சியிலுள்ள 'ஃபேர்கோட்' நிறுவனம் தயாரித்தது.

பெயர், தொலைபேசி எண், பின்கோடு கொடுத்தால், எந்தக் கடை, எத்தனை மணிக்கு என்று டோக்கன் வரும். சாராய வகையா, பீர்-ஒயினா என்று சொல்லலாம். கடையைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒருமுறை வாங்கியவருக்கு அடுத்த டோக்கன் நான்கு நாள் கழித்துத்தான். எந்த மனைவியும் இத்தனை கறாராகக் கணக்கு வைத்ததில்லை! சாதாரண போன்காரர்களுக்கு எஸ்.எம்.எஸ். வசதி இருந்தது.

தொலைதூரக் கடை ஒதுக்கப்பட்டதாக மாநிலமெங்கும் புகார் எழுந்தது. சமவெளியில் அது வெறும் அலைச்சல். இடுக்கித் தோட்டங்களிலோ நிலைமை வேறு. ஒரே பின்கோடில் பல எஸ்டேட்கள். வரைபடத்தில் பக்கமாயிருப்பது மலைப்பாதையில் சுற்றிச் சுற்றிப் போகவேண்டியது. பஸ் குறைந்திருந்த நாட்களில் ஜீப் வாடகை கொடுத்து, குறித்த நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும். கொழுந்து பறித்துக் கிடைக்கும் கூலியில் இது நடக்கிற காரியமா?

எல்லை தாண்டவும் வழியில்லை. தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகள் மே 16 முதல் திறந்திருந்தும், வாளையாறிலும் குமுளியிலும் பாஸ் கேட்டார்கள். சித்தூர்க்காரர்கள் பாடு தேவலை. கள்ளுக்கடைகள் மே 13ஆம் தேதியே திறந்துவிட்டன; அங்கே டோக்கனும் இல்லை, பின்கோடும் இல்லை.

2021 ஜனவரியில் அரசு செயலியைக் கைவிட்டது. வரிசை மறுபடி தெருவுக்கு வந்தது.