கழுத்தில் நெட்டி முறிக்கலாமா?

உடப்புக் கரையிலே கரைவலை இழுத்து நொந்த கழுத்துக்கு நெட்டி முறித்தலை எளிய பரிகாரமாகக் கருதுவோர் நம்மிடையே உளர். எல்லாக் கழுத்துக்கும் அது பொருந்தாது என்பதை இங்கு விளக்க விழைகின்றோம்.

என்புகளைப் பிணைக்கும் தொடுப்பிழையம் பிறவியிலேயே தளர்ந்தோர் சிலருளர். ஏலர்சு 1901இலும், டான்லோசு 1908இலும் விவரித்தமையால் இந்நோய்த்தொகுதி அவ்விரு மருத்துவரின் பெயரைப் பெற்றது. இவர்களுட் சிலருக்குத் தலையைத் தாங்கும் அத்திலசு முள்ளென்பின் பிணைப்பும் தளர்ந்திருக்கும். அதனை விசையுடன் திருகினால் மூளைக்குச் செல்லும் நாடி கிழியவும், முண்ணாண் நசியவும் கூடும்.

1895இல் அமெரிக்காவிற் பாமர் தொடங்கிய கைரோபிரக்டிக் என்னும் முள்ளந்தண்டுச் சிகிச்சையாளருட் சிலர் திருகாது மெல்ல அழுத்துகின்றனர். ஆயினும் இந்நோயாளருக்கு அதன் பயன் இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. தசைகளை வலுவாக்கும் பயிற்சியே முதன்மையானது.

விரலைப் பின்வளைத்து வேடிக்கை காட்டும் மாணவனுக்குக் கழுத்து வலியும் உண்டாயின், அக்கழுத்தில் எவரும் கைவைக்குமுன் வைத்தியரிடம் அனுப்புமாறு வேண்டுகின்றோம்.