போனஸ் பணத்துல ஏர் இன்டேக்: வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

ரிட்டர்ன் போட வந்த ராயபுரம் தம்பி ஒருத்தர், "அண்ணா, போனஸ் வந்திருக்கு. 25,000 ரூபாய்க்கு காருக்கு ஓபன் ஃபில்டர் இன்டேக் போடப் போறேன். பவர் ஏறுமாம்" என்றார். வாங்க, கணக்கு போட்டுப் பார்ப்போம்.

காற்று சூடானால் அடர்த்தி குறையும், ஆக்சிஜனும் குறையும். நம்ம பேசின் பிரிட்ஜ் கேஸ் டர்பைன் மின்நிலையத்துக்கும் இதே விதிதான். டர்பைன்களின் திறனை 15 டிகிரி காற்றை வைத்துக் குறிப்பார்கள். மே மாத வெயிலில் அந்த அளவு கிடைக்காது.

பெரும்பாலான கார்களில் கம்பெனி கொடுத்த குழாய், முன் கிரில் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கும். மூடி இல்லாத ஃபில்டரோ பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றையே இழுக்கும். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிற்கிறீர்கள். வெளியே 35 டிகிரி, உள்ளே 65 என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 308-ஐ 338-ஆல் வகுத்தால் 0.91. அதாவது காற்று 9% குறைவு! சத்தம் கூடும், இழுவை குறையும். வண்டி வேகமாக ஓடும்போது இந்த வித்தியாசம் குறையும். ஆனால் நம்ம ஆபீஸ் பயணம் பெரும்பாலும் சிக்னலில்தானே?

"சரி, ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கிட்டா?" குளிர்ந்த காற்று வரும். மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீரும் வரும். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடே வளையலாம். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இந்தச் சேதத்துக்கு பொதுவாக கிளெய்ம் கிடைக்காது. இன்ஜின் புரொடெக்ட் தனியாக எடுத்திருக்கணும். அப்போதும், மாற்றம் செய்ததை கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் சிக்கல் வரலாம். அந்த மாற்றத்தால் வந்த பழுது என்றால் வாரன்டியும் கை கொடுக்காது.

அப்போ என்ன செய்யலாம்?

1. பழைய ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.
2. ஆசை விடலையா? ஓபிடி ஸ்கேனர் வைத்து, டிராஃபிக்கில் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையை முதலில் பாருங்கள்.
3. மாற்றினால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

அதே 25,000 ரூபாய், வருஷம் 10% வளர்ந்தால் (உத்தரவாதம் இல்லை) 10 வருஷத்தில் சுமார் 64,800 ஆகும். கார் ஆசை தப்பில்லை நண்பா. காசு கொடுத்து சூட்டை வாங்காதீங்க, அவ்வளவுதான். அடுத்த வீடியோவில் சந்திப்போம்!