அறுவை அரங்கின் வாசலில் 15 நாட்கள்

எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்த அன்றைக்குக் காலனியே கொண்டாடுகிறது. பேனர் வைக்கிறோம், சால்வை போர்த்துகிறோம். அதன்பின் அந்தப் பிள்ளை எந்தத் துறையில் மேற்படிப்பு படிக்கப்போகிறது, அதை எதை வைத்து முடிவு செய்கிறது என்று நாம் கேட்பதில்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு நேரப் பேச்சு. எலும்பு மருத்துவத்தில் ராத்திரி டியூட்டி எப்படி இருக்கும், கண் மருத்துவத்தில் தனியாக கிளினிக் வைக்க எவ்வளவு முதல் வேண்டும் என்பதையெல்லாம் பெரியப்பாவும் அத்தையும் சொல்லிவிடுவார்கள். நிலம், நகை போல இந்தப் பேச்சும் பரம்பரைச் சொத்துதான். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவிடம் நம் பிள்ளை இதைக் கேட்க முடியாது. விடுதியில் காதில் விழுவதுதான் அதற்கு வழிகாட்டி.

இந்தக் குறையைக் கொஞ்சமாவது ஈடுகட்டும் ஒரு வாய்ப்பு பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதன் பெயர் எலெக்டிவ். மாணவர் தாமே ஒரு துறையைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி பெறும் நாட்கள் அவை. 2019-இல் சேர்ந்தவர்களில் இருந்து இது நடைமுறைக்கு வந்தது. அப்போது நான்கு நான்கு வாரமாக இரண்டு மாதம். பிறகு 15 நாட்கள் வீதம் இரண்டு பகுதிகளாக, ஒரு மாதமாகச் சுருக்கினார்கள். இறுதிக் கட்டத்தின் பார்ட்-1 தேர்வு முடிந்து பார்ட்-2 தொடங்கும் முன் வரும். ஒரு பகுதி உடற்கூறியல், நோய்க்குறியியல் போன்ற அடிப்படைத் துறைகளில். மற்றொன்று நோயாளிகளைப் பார்க்கும் துறையில். தீவிர சிகிச்சைப் பிரிவு, ரத்த வங்கி, கேஷுவாலிட்டி, மேல்சிறப்புத் துறைகளும் இதில் அடங்கும். 75 சதவீத வருகையும் லாக் புக்கும் கட்டாயம்.

அமெரிக்காவில் எலெக்டிவின்போது பேராசிரியர் தரும் பரிந்துரைக் கடிதம், மேற்படிப்பு இடம் கிடைப்பதில் பெரும் பங்கு வகிக்கிறது. இங்கே அப்படியில்லை. நீட் பி.ஜி. தேர்வில் 200 கேள்விகள், 800 மதிப்பெண்கள். எலெக்டிவுக்கு அதில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. அதனால்தான் பலரும் வேலை குறைவான துறையாகப் பார்த்துப் பெயரைக் கொடுத்துவிட்டு, கோச்சிங் வீடியோவில் உட்கார்ந்துவிடுகிறார்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அதில் நஷ்டம் குறைவு. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு நஷ்டம் அதிகம்.

ஏன் அறுவைத் துறைக்கு முக்கியம்?

எம்.எஸ். மூன்று ஆண்டு. பிளாஸ்டிக் சர்ஜரி, நரம்பியல் அறுவை, சிறுநீரக அறுவை என்று போக நினைத்தால் எம்.சிஎச். இன்னொரு மூன்று ஆண்டு. பிடிக்காத துறையில் சேர்ந்து பாதியில் விட்டால், பல இடங்களில் லட்சக்கணக்கில் தண்டத்தொகை கட்ட வேண்டியிருக்கும். இந்தத் துறை நமக்கு ஒத்துவராது என்பது 15 நாட்களில் தெரிந்துவிட்டால், அதுவும் லாபம்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் முதுநிலை மாநில இடங்களில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம் இருக்கிறது. அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். ஆனால் நீட் எஸ்.எஸ். வழியாக நடக்கும் மேல்சிறப்புச் சேர்க்கையில் சாதிவாரி இடஒதுக்கீடு இல்லை. அங்கே நமக்கிருக்கும் ஒரு வழி, அரசுப் பணி. தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகளில் முதுநிலை மாநில இடங்களில் பாதியும், மேல்சிறப்பு இடங்களில் பாதியும் அரசு மருத்துவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே மேலே போகலாம். எட்டுப் பத்து ஆண்டுகளுக்கான இந்தத் திட்டத்தைப் போட, துறையை முதலில் நேரில் பார்த்திருக்க வேண்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

தம்பி, தங்கைகளே, உங்களுக்கு எதில் சந்தேகமோ அதைத் தீர்த்துவைக்கும் துறையை எடுங்கள். வழக்கமான போஸ்டிங்கில் சர்ஜரியும் ஆர்த்தோவும் எப்படியும் வரும். அங்கே கூட்டத்தில் பின்னால் நின்று எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்றால், அதே துறையையே எலெக்டிவாக எடுக்கலாம். நன்றாகப் பார்த்துவிட்டீர்கள் என்றால், போஸ்டிங்கில் வராத பிளாஸ்டிக் சர்ஜரி, நரம்பியல் அறுவை போன்றவற்றைக் கேளுங்கள். அடிப்படைத் துறைப் பகுதியையும் வீணாக்க வேண்டாம். வெட்டியெடுத்த கட்டி என்ன கட்டி என்று சொல்வது நோய்க்குறியியல். ஆபரேஷன் புண் ஏன் சீழ் பிடித்தது என்று சொல்வது நுண்ணுயிரியல். அறுவை மருத்துவருக்கு இரண்டும் வேண்டும்.

தியேட்டருக்குள் போனதும் கண் கத்தியின் மேலேயே இருக்கும். அடுத்த நாள் வார்டுக்கும் போங்கள். புண் கட்டு மாற்றுவதையும், வலியில் இருப்பவரோடு பேசுவதையும், பிழைக்காதவரின் வீட்டாரிடம் விஷயத்தைச் சொல்வதையும் பாருங்கள். ஒரு ராத்திரி கேஷுவாலிட்டியில் இருந்து பாருங்கள். இரண்டாம் ஆண்டு பி.ஜி.யிடம் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், எப்போது ஊருக்குப் போனீர்கள் என்று கேளுங்கள். ஆர்த்தோ பெண்களுக்கு ஆகாது என்று சொல்வார்கள். அதை நம்பி விலகாமல், அந்தத் துறையில் இருக்கும் பெண் மருத்துவரிடமே கேளுங்கள்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். தூய்மைப் பணியாளரை அந்த யூனிட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? நீட் ரேங்க் என்ன என்று கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்ளும் வழக்கம் அங்கே இருக்கிறதா? மேற்படிப்புக்கு நீங்கள் வேறு கல்லூரிக்குப் போகலாம். ஆனாலும் எதற்குத் தயாராக வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

இது வீண் பயம் இல்லை. டெல்லி எய்ம்ஸில் நடந்த சாதிப் பாகுபாட்டை ஆராய 2006-இல் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைத்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் தேர்விலும் பாகுபாட்டைச் சந்திப்பதை அந்தக் குழு 2007-இல் பதிவு செய்தது. மும்பையில் மகப்பேறு மருத்துவ முதுநிலை படித்த பழங்குடிப் பெண் பாயல் தத்வி 2019 மே 22 அன்று உயிரிழந்தார். சாதியைச் சொல்லித் துன்புறுத்தியதாக மூன்று சீனியர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. அவரும் அறுவை அரங்கில் நிற்க ஆசைப்பட்டு வந்தவர்தான்.

பட்டியலைக் கேளுங்கள்

எந்தத் துறையில் எத்தனை பேர், யார் மேற்பார்வை என்பதைக் கல்லூரி முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். மாணவர்களுக்குக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தெரிவிப்பது நல்லது என்று விதிமுறை சொல்கிறது. பட்டியல் அறிவிப்புப் பலகைக்கு வராமல், தெரிந்தவர் மூலம் வாயால் பரவும் இடத்தில் நல்ல துறைகள் யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே ஆண்டுத் தொடக்கத்திலேயே நான்கைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். ஒரே துறையைப் பலர் கேட்டால் எந்த அடிப்படையில் ஒதுக்குகிறார்கள் என்றும் கேளுங்கள். லாக் புக்கில் கையெழுத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். வாரா வாரம் வாங்கிவிடுங்கள்.

உனக்கெல்லாம் எதற்கு சர்ஜரி என்று யாராவது கேட்டால் ஒரு வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பிணத்தைத் தொடுவது தீட்டு என்றிருந்த காலத்தில், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா 1836-இல் உடலை அறுத்துப் பார்த்தது பெரிய புரட்சியாகப் பேசப்பட்டது. அதே காலத்தில் நம் ஊர்களில் புண்ணைக் கீறிக் கட்டியவர்களும், பிரசவம் பார்த்தவர்களும், பிணத்தைச் சுமந்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரே. தொட்டதற்காகத் தள்ளிவைத்தார்கள். இன்று அதே தொடுகைக்கு எம்.எஸ். என்ற பட்டமும் மரியாதையும் வந்துவிட்டன.

கடைசியாக, காலனியில் இருந்து போய் ஏற்கெனவே டாக்டராகிவிட்ட அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இந்த ஆண்டு பார்ட்-1 எழுதும் பிள்ளை யார் என்று விசாரியுங்கள். அரை மணி நேரம் போனில் பேசுங்கள். மற்ற வீடுகளில் பெரியப்பா செய்கிற வேலை அது. நம் பிள்ளைகளுக்கு அதைச் செய்ய நீங்கள்தான் இருக்கிறீர்கள்.